தேர்தல் நிதிக்குப் போன சேவல்

இந்தத் தேர்தலுக்கு மேடவாக்கத்தில் என் மகனுடைய செல்போனில் வேட்பாளரே கூப்பிட்டு ஓட்டுக் கேட்கிறார். நாம் ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தர வேண்டியதில்லை. நான் சிறுமியாய் இருந்த காலத்தில் தாம்பரத்தில் அப்படி இல்லை. நிற்கிறவருக்குத் தெருதான் செலவு செய்யும். காசில்லாதவர்கள் பூசணிக்காய், வாழைத்தார் என்று கையில் இருப்பதைக் கொடுப்பார்கள். அதைக் கூட்டத்தில் ஏலம் விட்டு நோட்டீஸ் அடிப்பார்கள்.

அந்த முறை சைக்கிள் கடைக்காரர் நின்றார். தெருமுனைக்குக் குழாய் கொண்டுவருவேன் என்றார். நாள் முழுக்கக் குடம் சுமந்த அம்மா அவர் பக்கம் சாய்ந்துவிட்டாள். அப்பாவோ, எதிர்த்து நின்ற ரைஸ்மில்காரரின் ஆள். வீட்டுக் காசெல்லாம் அப்பாவின் இடுப்பு பெல்ட்டில். ஆகவே அம்மா கொடுத்தது என் சேவலை. குஞ்சிலிருந்து நான் வளர்த்த சிவப்புச் சேவல். தெருவில் அதற்கு இணை கிடையாது, இன்றைக்கும் சொல்வேன். அது மேடை ஏறப்போகிறது என்று எனக்கு ஒரே பெருமை.

சாயங்காலம் கூட்டம். அம்மா என்னை முன்னால் உட்காரவைத்தாள். எதிர் டீக்கடையில் அப்பா, கேலி பேசுவதற்கென்றே வந்து நின்றார். சேவலைத் தூக்கிக் காட்டியதும் பிரியாணிக் கடை பாய் விலை சொன்னார். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. தொண்டை கிழிய அழுதேன்.

“ஒரு தரம், ரெண்டு தரம்...”

டீக்கடையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது, பாய் சொன்னதற்கு மேலே. பாய் ஏற்றினார். அப்பாவும் ஏற்றினார்.

“இன்னாண்ணா, கட்சி மாறிட்டியா?” கூட்டத்தில் ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

“பேஜார் பண்ணாதடா. அது எம் பொண்ணு சேவலுடா!”

பாய் என்னைப் பார்த்தார். கையை இறக்கிக்கொண்டார். “நீயே எடுத்துக்கோ அண்ணாத்தே. புள்ள கண்ணீர்ல பிரியாணி உப்பாப் பூடும்.”

அன்றைய வசூலில் அப்பா கொடுத்ததுதான் பெரிது. சைக்கிள் கடைக்காரர் மேடையை விட்டு இறங்கி வந்து, அப்பாவுக்குத் துண்டு போர்த்திக் கும்பிட்டார்.

வழி முழுக்க அப்பா பொரிந்துகொண்டே வந்தார். “ஊரே சிரிக்குது. எல்லாம் உன்னாலதான்!”

“நானா கத்திகினு நின்னேன்?” என்றாள் அம்மா, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

சேவலை இடுக்கிக்கொண்டு நான் முன்னால் ஓடினேன். வீட்டில் கோழியைக் கவிழ்க்கும் பஞ்சாரம் கழுவிக் காய்ந்திருந்தது. பக்கத்தில் கொட்டாங்குச்சியில் புதுத் தண்ணீர், ஒரு பிடி நொய். கொடுத்துவிட்ட சேவலுக்கு இதெல்லாம் எதற்கென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அது தலையைத் தூக்கித் தூக்கித் தண்ணீர் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.