கட்டிப்பிடித்தால் விடுதலை

அரபு நாட்டில், அஜ்மானில் அறை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்கு நான் வேலைக்குப் போய்வந்த நாட்களில், கடலோரமாக ரோடு ஓரிடத்தில் மட்டும் வளைந்து போகும். அங்கே நின்ற ஒரு பழைய மரக்கம்பத்துக்காகத்தான் அந்த வளைவு. கொடி இல்லை, விளக்கு இல்லை, கல்வெட்டும் இல்லை. போன வருடம் கட்டியதை இந்த வருடம் இடிக்கிற நாட்டில் ஒரு மரத்துண்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு ஆச்சரியம். விசாரிக்க நேரமிருந்ததில்லை. ஏழு மணிக்கு டியூட்டி.

ரோடு போடும் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். எங்கள் வேலையைப் பார்வையிட நகரசபையிலிருந்து வருபவர் அப்துல்லா. அந்த ஊர்க்காரர், கறுத்து நெடிதுயர்ந்த மனிதர். இந்தி பேசுவார், தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றித் தருவார். எங்கள் இலங்கை மலையகத்தில் பழகியவனின் பெயரைப் பாதியாக நறுக்காவிட்டால் வாய் சும்மா இருக்காது. அந்தப் பழக்கத்தில் ஒருநாள் செல்லமாக, "அப்து பாய்!" என்றேன். கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அறையில் கூட இருந்த கீழக்கரை சலீம் காக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, அப்துல்லான்னா அல்லாவோட அடிமை. அல்லாவ எடுத்துட்டா என்ன மிஞ்சும்? வெறும் அடிமைதான். அவுக பாட்டனார ஆப்பிரிக்காவுலேர்ந்து அடிமையாக் கொண்டாந்து முத்துக்குளிக்க விட்டாக. வெள்ளக்காரன் கொடிக்கம்பத்தக் கட்டிப்புடிச்சா விடுதலைன்னு அப்ப ஒரு வழக்கம். அவுக ஓடிவந்து கட்டிப்புடிச்ச கம்பந்தான் நீ தெனம் பாக்குறது."

மறுநாள் அப்துல்லாவிடம் மன்னிப்புக் கேட்டேன். என் பாட்டனாரையும் கப்பலேற்றித்தான் தேயிலைக்குக் கொண்டுபோனார்கள், எங்களைத் திருட்டுத்தனமாக வந்தேறிய கள்ளத்தோணி என்பார்கள் என்றேன். அவர் தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றினார்.

அந்த மாதமே ரோட்டை நேராக்கத் திட்டம் வந்தது. கம்பத்தை எடுக்கலாமா என்று அப்துல்லாதான் எழுதிக் கொடுக்க வேண்டும். "எடுக்கலாம்" என்று டைப் பண்ணச் சொன்னார். எனக்குக் கை ஓடவில்லை.

"வேண்டாம் பாய். உங்க பாட்டனாருக்கு விடுதலை கொடுத்த கம்பம்!"

"உனக்கு அது விடுதலை," என்றார். "என் மக போற ஸ்கூல் பஸ் அந்த வளைவுல திரும்பும்போது, 'உங்க வீட்டுக் கம்பம் வந்திருச்சு, எறங்கு'ன்னு பிள்ளைங்க சிரிக்குது. அவ பஸ்ஸுல ஏறமாட்டேன்னு அழுறா. கலாஸ், முடிஞ்சது. டைப் பண்ணு."

பண்ணினேன். நானோ அவருக்கே அவர் சரித்திரத்தைப் பாடம் எடுக்கப் போயிருந்தேன். வெட்கமாக இருந்தது.

கம்பத்தை எடுத்த அன்று நானும் சைட்டில் இருந்தேன். கிரேன்காரன் சங்கிலியைச் சுற்றியபோது அப்துல்லா "மெதுவா, மெதுவா" என்று கத்தினார். தன் தலைத்துணியை அவிழ்த்து, மரத்தில் வடு விழாமல் சங்கிலிக்கு அடியில் மடித்து வைத்தார். எடுக்கச் சொன்னவரும் அவர்தான். அன்று அவரை எனக்கு முன்னைவிடப் பிடித்தது.

அந்த வாரம் ஊரிலிருந்து தம்பியின் கடிதம் வந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்தைத் திறந்த வெள்ளைக்காரத் துரையின் நினைவுக்கல்லை உடைக்கப் பொடியன்கள் கிளம்பியிருக்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தான். முன்பு என்றால் உடை என்றுதான் எழுதியிருப்பேன். ஆனால் பிரஜாவுரிமைக்கு அப்பா அலைந்த காலத்தில், "எப்போது வந்தீர்கள், ஆதாரம் எங்கே?" என்றுதானே ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரிலும் கேட்டார்கள். நாங்கள் அந்த மலைக்கு வந்த காலத்தைச் சொல்ல, அந்தக் கல்லில் வெட்டிய வருடத்தை விட்டால் எங்களிடம் வேறு எதுவுமில்லை. அப்துல்லாவிடம் அப்படி யாரும் ஆதாரம் கேட்பதில்லை, அவர் மறக்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

"கல்லை உடைக்காதே. துரை பெயருக்குக் கீழே இடமிருக்கிறது. அங்கே தாத்தாவின் முழுப்பெயரை வெட்டச் சொல்" என்று எழுதினேன். அந்தப் பெயரை எழுதப் போனபோது பேனா நின்றுவிட்டது. தோட்டத்துக் கூலிப் பதிவான செக்ரோலில் கணக்கப்பிள்ளை பதிந்த 'முத்து' மட்டுமே எனக்குத் தெரியும். அது முத்துசாமியா, முத்துக்கருப்பனா என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.