கும்பிட்டவன் வெளியே

ஜெர்மனியில், எர்லாங்கனுக்கு வெளியே, கோதுமை அறுத்த வயலில் வருடா வருடம் ஸ்டாக் கார் பந்தயம் வைப்பார்கள். பழைய கார்களின் கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளை வெல்ட் பண்ணி, உள்ளே இரும்புக் கூடு போட்டு ஓடவிடுவது. மோதுவது அங்கே குற்றமில்லை. மோதலைப் பார்க்கத்தான் சனம் டிக்கெட் எடுத்து வருகிறது. குற்றம் எது தெரியுமா? கும்பிடுவது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கொதிக்கிறது.

காரைத் தந்தவர் அண்ணை. நான் வேலை செய்யும் கராஜின் முதலாளி. தரும்போதே சொல்லிவிட்டார்.

"இறுதி ஓட்டத்துக்குப் போகாமல் வந்தியெண்டால், அடுத்த வருசம் நீ சைக்கிளிலைதான் மோதவேணும்."

இறுதி ஓட்டத்துக்குப் போக, தகுதி ஓட்டத்தில் கடைசிவரை விலகாமல் இருக்க வேண்டும். விலகுகிறவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டவேண்டும். பிறகு அவரை யாரும் இடிக்கக்கூடாது. நல்ல விதிதான். எனக்கும் தெரியும்.

இரண்டாம் வளைவில் எனக்கு முன்னால் போன பச்சைக் கார் குறுக்கே திரும்பியது. அதில் ஒரு விவசாயி. நான் அவருடைய பின்பக்கத்தில் இடித்தேன், என்னை ஒருவர் இடித்தார், அவரை இன்னொருவர். புழுதி அடங்கியபோது பாதிக் கார்கள் ஒரே குவியல். என் எஞ்சின் செத்துக் கிடந்தது.

"திறப்பைத் திருகடா, எருமை!" வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணை கத்தினார்.

திருகினேன். சத்தமில்லை. மறுபடி திருகினேன். இருமியது, செத்தது. இன்னொரு தரம் திருகியபோது பிடித்துக்கொண்டது.

"முருகா!"

கை தானாகப் போய்விட்டது. தேர் வரும்போது தூக்குவதுபோல, ஹெல்மெட்டுக்கு மேலே, இரண்டு கையும். பிறகு யாரோ ஒருவருடைய பம்பருக்கு மேலாலே ரிவர்ஸ் எடுத்துக் குவியலுக்கு வெளியே வந்தேன். சனம் கைதட்டியது. கொடிக்காரர் எனக்குக் கறுப்புக் கொடி காட்டினார், வெளியே போ என்று.

"கையைத் தூக்கினீர். விலகிவிட்டீர்," என்றார் ஜெர்மனில்.

"விலகினவன் எப்படி ஓடிக்கொண்டு வருவான்? நான் கடவுளைக் கும்பிட்டேன்."

"கடவுளின் பெயர் இந்த ஓட்டத்தில் பதியப்படவில்லை."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பகிடி விடுவது என் வேலை. என் வாயில் வரவேண்டிய பகிடியை அந்த ஆள் சொன்னதுதான் இன்னும் எரிச்சல்.

அண்ணை வேலியைத் தாண்டி ஓடி வந்தார். எனக்காகக் கதைக்க வருகிறார் என்று நினைத்தேன்.

"மனசுக்குள்ளை கும்பிட ஏலாதோ உனக்கு? கோயிலுக்கு வாவெண்டால் கால் நோகுது எண்டுவாய். இஞ்சை வந்து பக்தி!"

"கை தானாப் போயிட்டுது அண்ணை."

"உன்ரை கையும் உன்னை மாதிரித்தான். சொல்வழி கேளாது."

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் என் இடத்தை யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அந்தப் பச்சைக் கார் விவசாயிக்கு! அவருடைய முன்சில்லு ஒன்று கழன்று வைக்கோல் கட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. காரை ட்ராக்டர்தான் இழுத்துப் போனது. ஆனால் மனுசன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லையாம். ஆகவே விலகவில்லையாம்.

"அவருடைய காருக்குச் சில்லே இல்லை," என்றேன்.

"சில்லைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை," என்றார் கொடிக்காரர்.

என் கார் வேலியோரம் நல்லபடி முனகிக்கொண்டு நின்றது. நிறுத்த மனம் வரவில்லை.

இறுதி ஓட்டத்துக்கு விவசாயியின் ஆட்கள் எங்கிருந்தோ ஒரு சில்லைக் கொண்டுவந்து பூட்டி, காரைத் தொடக்கக் கோட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கொடி விழுந்தது. எல்லாரும் போனார்கள். பச்சைக் கார் ஒரு முழம் நகர்ந்து, அந்தச் சில்லையும் கழற்றிப் போட்டுவிட்டு, மூக்கு மண்ணில் குத்த நின்றது.

அப்போதுதான் அண்ணைக்குக் கோபம் ஏறியது. கொடிக்காரரைப் பார்த்துத் தமிழிலேயே கத்தத் தொடங்கினார்.

"டேய், அவன் நிக்கிறானடா! இஞ்சை பார், என்ரை பொடியன்ரை கார் ஓடுது, அவன் நிக்கிறானடா!"

கொடிக்காரருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விவசாயி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். விதிப்படி அவர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்.