பூத்த தேயிலை

என் படங்களைப் பற்றி எனக்கு வீண் அடக்கம் கிடையாது. கண்டியை ஒட்டிய என் அம்பிட்டிய வீட்டின் முன்னறையில் அந்தப் படம் முக்கால்வாசி முடிந்திருந்தபோதே, நன்றாக வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஒரு தேயிலைக் கிளை, அது நிறைய வெள்ளைப் பூ, பூவைச் சுற்றித் தேனீக்கள், இலையில் ஊரும் ஒரு பொறிவண்டு. கடைசித் தேனீக்கு மட்டும் சிறகு பாக்கி.

படம் அக்காவுக்கு. புசல்லாவைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே என்னைப் படிக்க வைத்தவள். இப்போது வேலையிலிருந்து நின்று, ரோட்டோரமாகச் சொந்த வீடு கட்டியிருந்தாள். அதன் முன்சுவரில் என் படம்தான் தொங்கவேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை.

பால் காய்ச்சுவதற்கு முந்தின வாரம், கண்டிக்குச் சாமான் வாங்க வந்தவள் என் வீட்டுக்கும் வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு படத்தைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

“தேயிலையப் போயி பூக்க விட்டிருக்கியே! பாக்குறவங்க என்னா நெனைப்பாங்க?”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒழுங்காகக் கொழுந்தெடுத்து, காலத்துக்குக் கிளைகளைக் கவ்வாத்து வெட்டுகிற மலையில் தேயிலையை இப்படிப் பூக்க விடமாட்டார்கள். பூத்துக் கிடந்தால் அங்கே யார் கையும் படவில்லை, மலை காடாகிவிட்டது என்று அர்த்தம். வேலை செய்தவர்களுக்கு அது அவமானம்.

“நான் கை வச்ச நெரையில ஒரு பூ பூத்ததில்ல, தெரியுமா? இத அழிச்சிட்டுச் செம்பருத்தி போட்டுக் குடு.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “செம்பருத்தி வேணுன்னா டவுன்ல கலண்டர் விப்பாங்க, வாங்கிட்டுப் போ” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. படமே வேண்டாம் என்று போய்விடுவாளோ? போனாலும் பூவை அழிக்கப் போவதில்லை. தூரிகையை நனைத்து, பாக்கியிருந்த சிறகைப் போட ஆரம்பித்தேன்.

“இது தோட்டத்துச் செடியில்லக்கா, ஒன் செடி” என்றேன், திரும்பிப் பார்க்காமலே. “நீ வேலையில இருந்து நின்னுட்ட. அது பூத்திருச்சு.”

அவள் கொழுந்துக் கறை போகாத விரல்களைத் தடவிக்கொண்டு, சிறகு காயும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு, “துணியில சுத்திக் குடு” என்றாள்.

பால் காய்ச்சிய அன்று அவளோடு கொழுந்தெடுத்த பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததுமே ஒருத்தி படத்தின் முன்னால் நின்றுவிட்டாள்.

“என்னாக்கா, தேயிலை இப்படிப் பூத்துக் கெடக்கு?”

நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள். பால் தம்ளரை அந்தப் பெண் கையில் கொடுத்தபடி சொன்னாள்:

“ஆமா. நாந்தான் நின்னுட்டேன்ல.”