சந்தனம் பட்ட செட்

எங்கள் கடைக்குள் நுழைபவர்கள் காதில் முதலில் விழுவது ஸ்பீக்கர் சத்தம் இல்லை, பிரிஜிட் அக்காவின் குரல்தான். "வாங்கண்ணே, உள்ள வாங்கலா. ஏர்கோன் உள்ளதானே இருக்கு, வெளிய நின்னு என்ன பாக்குறீங்க?" இப்படிக் கேட்ட பிறகு பஸ் ஏறி வந்த மனிதன் வெளியே நிற்பானா? மலாக்காவில் ஆடியோ சாமான் விற்கும் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ரப்பர் தோட்டத்து ஆள் ஒருவர் நுழைந்தால், பல கடைகளில் விற்கிற பையன்கள் கைபேசியைத் தடவிக்கொண்டு பார்க்காத மாதிரி இருப்பார்கள். இல்லையென்றால் அவர் வாய் திறப்பதற்கு முன்பே கரவோக்கே செட் இருக்கும் மூலையைக் கை காட்டுவார்கள். தமிழன் என்றால் பாடத்தான் வாங்குவான், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவர் அதிரத்தான் பாடுவான் என்று அவர்களாகவே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

பிரிஜிட் அக்கா அப்படி இல்லை. யாருக்கு, வீடு எவ்வளவு பெரியது, யார் கேட்கப்போகிறார்கள் என்று விசாரித்துத்தான் விலைச்சீட்டைக் காட்டுவார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரஸ்ஸரின் மகள். நோயாளியிடம் கேள்வி கேட்கும் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக அதே கடை, வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற கான்ட்ராக்ட். கணவர் பால்ராஜ் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் கான்ட்ராக்ட் வேலை பார்த்து, முதுகு போய், வீட்டில் உட்கார்ந்து நாலு வருஷமாகிறது. மகள் ரெனீ காலேஜில். அந்த வீட்டுக்கு வரும் ஒரே சம்பளம் அக்காவுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அவரைத் திட்டுபவர்கள் தெரிந்துகொண்டே திட்டட்டும்.

நான் நிவேந்திரன். கடைக்குப் பின்பக்கம் ரிப்பேர் கவுண்டரில் ஒன்பது வருஷம். திட்டுவதாக இருந்தால் என்னையும் சேர்த்துத்தான் திட்டவேண்டும்.

அக்காவின் மேசை டிராயரில் ஜெபமாலைக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குங்குமப் பொட்டலங்கள் இருக்கும். கத்தோலிக்கப் பெண் எதற்குக் குங்குமம் வைத்திருக்கிறார் என்று புதிதாக வேலைக்கு வருபவர்கள் கேட்பார்கள். செட் வாங்கியவர் கையில் ரெசிட்டோடு ஒரு பொட்டலத்தையும் கொடுத்து, "வீட்டுக்குக் கொண்டு போய்ச் சந்தனம் குங்குமம் பொட்டு வெச்சு, சாமி கும்பிட்டுட்டு ஆன் பண்ணுங்க" என்பார். ஜனங்களுக்கு மனம் குளிர்ந்துவிடும். அடுத்த தடவை அண்ணனையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். இதைக் கண்டு மேலிடத்துக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஒரு வருஷம் சிறந்த விற்பனையாளர் என்று கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

பெரியநாயகி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. டுரியான் துங்கால் பக்கம் பல்கலைக்கழக ஹாஸ்டலில் துப்புரவு வேலை செய்பவர், ஐம்பத்தேழு வயசு. கணவர் காளிமுத்து செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். சர்க்கரை இரண்டு கண்ணையும் எடுத்துவிட்டது.

"நான் காலையில அஞ்சரைக்குப் போனா சாயங்காலம்தான் வருவேன் தங்கச்சி. அதுவரைக்கும் மனுஷன் ஒத்தையா உக்காந்திருக்காரு. ரேடியோ கேட்டாப் போதும், வேற ஒண்ணும் கேக்க மாட்டாரு. போன்ல போட்டுக் குடுத்தேன். கண்ணாடிய எங்க தொடுறதுன்னு தெரியாம, அது பாட்டுக்கு யாருக்கோ போன் போயிருது. நின்னுபோனா நான் வர்ற வரைக்கும் அப்படியே சும்மா இருக்காரு."

அதற்கு முன் இரண்டு கடை ஏறி இறங்கியிருக்கிறார். ஒன்றில் கரவோக்கே மூலை. இன்னொன்றில், எல்லாம் இப்போது தொடுதிரைதான், பேசினாலே செட் கேட்டுக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறார்கள். என்ன பாஷையில் பேசினால் என்று இவர் கேட்டதற்குச் சிரித்தார்களாம்.

அக்கா சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அலமாரியில் இருந்த செட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்க்கத் தொடங்கினார். எது ஆன் பட்டன், எது சத்தம், நிலையம் மாற்றுவது எது என்று. கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பத்துப் பன்னிரண்டு செட் தடவிய பிறகு ஒன்றில் நின்றார். அதில் மட்டும்தான் திருகுகிற குமிழ் இருந்தது. பெரியது சத்தத்துக்கு, சின்னது நிலையத்துக்கு. திருப்பினால் விரலுக்குத் தெரிகிற மாதிரி டக் டக்கென்று நிற்கும்.

"இதுதான்கா. அண்ணன் ஒரே நாள்ல பழகிருவாரு."

நான் அக்காவைத் தனியாக இழுத்து, "அந்த மாடல் நாலஞ்சு திரும்பி வந்திருக்குக்கா, உள்ள பவர் போர்டு எரிஞ்சு போவுது" என்றேன்.

"வேற எதுலயும் குமிழ் இல்லையே தம்பி. ஒரு வருஷம் வாரண்டி இருக்குல்ல? போனா மாத்திக் குடுத்துருவாங்க. நான் இருக்கேன்ல."

பெரியநாயகி ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொண்டு, குங்குமப் பொட்டலத்தையும் வாங்கி மடியில் செருகிக்கொண்டு போனார். மறுநாளே அக்காவுக்குப் போன். காளிமுத்துவே பேசினார். காலையில் செய்தி, பிறகு பழைய பாட்டு, மத்தியானம் நாடகம், எல்லாம் நானே போட்டுக் கேட்டேன் தங்கச்சி, யார் தயவும் வேண்டாம் என்று சொன்னாராம். அக்கா அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஐந்து வாரம். செட் செத்துப்போனது.

விடுப்பு எடுத்துக்கொண்டு, செட்டைப் பெட்டியில் போட்டுப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தார் பெரியநாயகி. "ரோசாக் ஆயிருச்சு தங்கச்சி, சத்தமே வரல. அவரு கையாலதான் ஏதோ ஆச்சுன்னு அழுவுறாரு. சீக்கிரம் பாத்துக் குடும்மா." அன்று அக்கா தைரியமாகச் சொன்னார்: "ஒரு வாரம்கா. நான் பொறுப்பு."

கழற்றிப் பார்த்தேன். அதே வியாதி. பவர் போர்டு மூலையில் கருகிப்போயிருந்தது. முன்பு வந்த செட்டுகளில் இருந்த அதே இடம், அதே கருப்பு. ஆனால் மேல்மூடியில், காற்றுப் போவதற்காக வெட்டியிருக்கும் துளைகளுக்கு நடுவே, மஞ்சளாக ஒரு கோடு காய்ந்து கிடந்தது. மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பெரியநாயகி தாராளமாகக் குழைத்து வைத்திருக்கிறார், அதில் ஒன்று வழிந்திருக்கிறது. மூடியோடு நின்றுவிட்டது, போர்டுக்கு ஒரு சொட்டும் போகவில்லை. எரிந்த இடம் அதற்கு ஒரு சாண் தள்ளி.

வாரண்டிக்கு நிரப்பி அனுப்பும் பாரத்தில் நாலாவது கேள்வி: திரவம் பட்ட அடையாளம் உண்டா, இல்லையா? உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை. எங்கே பட்டது, அதனால்தான் கெட்டதா என்று எழுதுவதற்கு இடமே கிடையாது. படமும் எடுத்து அனுப்பவேண்டும். நான் "உண்டு" என்பதில் டிக் போட்டேன். துடைத்துவிட்டுப் படம் எடுத்திருக்கலாம். ஈரத்துணி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அப்படிச் செய்து மாட்டிக்கொண்டவன் ஒருவனை அந்த வருஷம்தான் வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். பயந்துவிட்டேன், அவ்வளவுதான். நேர்மை என்று சொல்லி அதற்கு மெருகு போட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கோலாலம்பூர் மேலிடத்திலிருந்து மூன்றாம் நாள் பதில் வந்தது. தண்ணீர் பட்ட செட், வாரண்டி செல்லாது. புது போர்டை நானே வாங்கிப் போடலாம் என்றால், வாரண்டி இல்லாத செட்டுக்குக் கம்பெனி போர்டு தராது. வெளியிலும் கிடைக்காது.

அக்கா நேராக மேனேஜர் அறைக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு. மேனேஜர் காண்டீபனுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், கடைக்குள் மட்டும் தெரியாது. அந்த வருஷம் அவர் புதுக் கார் எடுத்தபோது நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முகப்பில் கை அகலத்துக்குச் சந்தனம் பூசிக்கொண்டுதான் கடைக்கு ஓட்டி வந்தார். மறுநாள் அந்தக் காரின் எஞ்சின் நின்றுபோயிருந்தால், தண்ணீர் பட்ட கார் என்று சொல்லியிருப்பாரா?

"சார், அது தண்ணி இல்ல, சந்தனம். நான்தான் பொட்டு வெக்கச் சொன்னேன். எல்லாருக்கும் சொல்றதுதானே, உங்களுக்கே தெரியும்."

மேனேஜர் கொஞ்ச நேரம் கணினியைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"அப்ப எழுதிக் குடுங்க பிரிஜிட். கடை ஸ்டாப் நான், நான் சொல்லித்தான் கஸ்டமர் செஞ்சாங்கன்னு. நான் மேல அனுப்புறன். செட் மாத்திக் குடுப்பாங்க, அதுல சந்தேகம் இல்ல. ஆனா அடுத்த மாசம் உங்க கான்ட்ராக்ட் ரினியூவல். அந்தக் கடிதமும் அதே பைல்லதான் இருக்கும். ஐம்பத்தொரு வயசு உங்களுக்கு. யோசிச்சுச் செய்யுங்க."

மிரட்டல் மாதிரியே இல்லை, அக்கறை மாதிரி இருந்தது. அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது.

அக்கா ஒரு தாளும் பேனாவும் வாங்கிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனார். ஒரு மணி நேரம் உள்ளேயே இருந்தார். நடுவில் அவர் கைபேசி மூன்று தடவை அடித்தது. பெரியநாயகியின் நம்பர். எடுக்கவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, வாசலில் நின்ற ஒரு குடும்பத்தை "வாங்கண்ணே" என்று அழைத்தார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. சாப்பாட்டு அறை மேசையில் கிடந்த தாளை நான் போய்ப் பார்த்தேன். தேதி இருந்தது. "பிரிஜிட் பால்ராஜ் ஆகிய நான்" என்று இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. "உண்டு" என்று டிக் போட்டவன் எந்த வாயை வைத்துக்கொண்டு கேட்பது?

மேனேஜர் அதோடு விடவில்லை. இனி இந்தத் தகராறே வரக்கூடாது என்று, கவுண்டரில் தமிழில் ஓர் அறிவிப்பு வைக்கச் சொன்னார். அச்சடிக்க நாளாகும், பிரிஜிட்டே இப்போதைக்கு எழுதட்டும் என்றார். தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் பாட்டு நம்பரும் பைபிள் வாசகமும் பலகையில் எழுதுவது அக்காதான். அவ்வளவு அழகான எழுத்து. வெள்ளை அட்டையில், கோடு போட்டு, கறுப்பு மார்க்கரில் எழுதினார்: "சந்தனம், குங்குமம், தண்ணீர் பட்ட சாமான்களுக்கு வாரண்டி கிடையாது." ஓர் எழுத்துப்பிழை இல்லை. அந்தக் கடை திறந்த நாளிலிருந்து அதற்குள் தமிழில் எழுதி வைக்கப்பட்ட ஒரே வாசகம் அதுதான்.

சனிக்கிழமை பெரியநாயகி வந்தார். சிரித்துக்கொண்டுதான் வந்தார். போனை எடுக்காததற்குக்கூடக் கோபம் இல்லை, "வேலையா இருந்திருப்பே" என்று அவரே ஒரு காரணமும் சொல்லிவிட்டார். "செட் ரெடியா தங்கச்சி? அவரு குளிச்சிட்டுக் காத்திருக்காரு."

அக்கா தலை நிமிராமல் சொன்னார். "கம்பெனி ஒத்துக்கலக்கா. உள்ள தண்ணி பட்டிருக்காம்."

"தண்ணியா? ஏது தண்ணி? நாங்க துணி போட்டு மூடியில்ல வெச்சிருந்தோம்?"

"மேல சந்தனம் வெச்சிருக்கீங்கல்ல, அது."

"நீதானே வெக்கச் சொன்னே?"

அக்கா ரெசிட் கட்டை எடுத்து அடுக்கத் தொடங்கினார். நான் பின் கவுண்டரில் திருப்புளியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எரிந்தது போர்டு, சந்தனத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரு வரி நான் சொல்லியிருந்தால் போதும். மேனேஜர் அறைக் கதவு திறந்திருந்தது. சொல்லவில்லை. அதனால் பெரியநாயகி இன்றுவரை, தான் பொட்டு வைத்ததால்தான் செட் கெட்டுப்போனது என்று நம்பிக்கொண்டிருப்பார். அழுதுகொண்டிருந்த மனுஷனிடம் போய், உன் கையால் இல்லை, என் கையால்தான் என்று சொல்லியிருப்பார்.

பெரியநாயகியின் கண் அந்த அட்டைக்குப் போனது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை படித்தவர். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படித்தார். கடைசிவரை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"எழுத்து முத்து முத்தா இருக்கே. யாரு எழுதுனது?"

"நான்தான்கா."

பெரியநாயகி அவரையே பார்த்தார். கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி நடந்திருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இத அன்னைக்கே எழுதி வெச்சிருந்தா, நான் படிச்சிருப்பேனே" என்றார்.

பிறகு பெட்டியைக் கேட்டார். கொண்டுவந்து வைத்தேன். அக்கா கவுண்டரைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து ஒரு பக்கத்தைப் பிடித்தார். "இருங்கக்கா, பஸ்ஸ்டாப் வரைக்கும் நான் தூக்கிட்டு வர்றேன்."

பெரியநாயகி அவர் கையை மெதுவாக விலக்கிவிட்டார்.

"வேணாம் மேடம். நானே தூக்கிக்கிறேன்."