குழிக்குள் படுத்த பாரே

எங்கள் யாக்கோ ஊரில் பாஸ்கல் பாரேயைத் தையல்காரர் என்று யாரும் அடையாளம் சொல்வதில்லை. எதிர்க்கடையில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப்போடும் தெங்கா நிக்கியெமாவைத் திட்டுகிறவர் என்றால்தான் தெரியும். பாரே சாமோ இனம்; நிக்கியெமா எங்களைப் போல மோசி. இரண்டு இனத்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி உறவு; சாமோவும் மோசியும் ஒருவரையொருவர் திட்டாமல் இருந்தால் தப்பு. திட்டு வாங்கியவர் கோபப்பட்டால் அதைவிடப் பெரிய தப்பு.

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே ஆரம்பித்துவிடுவார் பாரே.

"டேய் அடிமை, இன்னும் சாகலையா?"

"உனக்கு முன்னால போவேனா, நாய்தின்னி? ராத்திரி தெருவுல ஒரு குரைப்பு கொறைஞ்சுதே, உன் வீட்டுக் குழம்புதானே?"

ஒருமுறை நிக்கியெமாவின் காற்சட்டையில் ஒரு காலை முழங்காலோடு நிறுத்தித் தைத்தார் பாரே. நிக்கியெமா அதையே போட்டுக்கொண்டு ஈஸ்டர் பூசைக்கு வந்து, முதல் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்து, "சாமோ தையல்" என்று எல்லோருக்கும் காட்டினார்.

சென்ற ஏப்ரலில் நிக்கியெமா இறந்தார். வீட்டு முற்றத்து ஓரத்தில் குழி வெட்டினார்கள். உடலைத் தூக்கி வந்தபோது குழிக்குள் பாரே மல்லாந்து படுத்திருந்தார்.

யாரும் திடுக்கிடவில்லை. மோசி சாவில் சாமோ வழிமறிப்பது முறைதான். ஏதாவது கொடுத்து எழுப்ப வேண்டும். பிழைக்கப் போன இடத்தில், கடல் உள்ள ஊர்களில் நான் பார்த்த சாவுகளில் எல்லோரும் ஒழுங்காக அழுதார்கள். எனக்கு அதுதான் விநோதமாக இருந்தது.

"என் அடிமை என்கிட்ட கேக்காம எங்க போறான்?" என்றார் பாரே குழிக்குள்ளிருந்து.

ஒரு கோழியைக் கொடுத்தார்கள். வாங்கி மார்பின்மேல் வைத்துக்கொண்டார், எழவில்லை. ஒரு பானை சோளக் கள் இறக்கினார்கள். அரைகுறையாக எழுந்து குடித்துவிட்டு, "புளிக்குது. மோசி காய்ச்சினது" என்று மறுபடி படுத்தார். கூட்டம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. வெயில் ஏறியது. தூக்கியவர்கள் தோள் மாற்றினார்கள்.

"மாமா, போதும். இந்த வெயில்ல உடம்பு தாங்காது" என்றார் உபதேசியார்.

"இருக்கட்டும். உயிரோட இருந்தப்ப என்னைக்கு வெயில்ல நின்னு வேலை செஞ்சான்?"

இழுத்துப்போடவும் முடியாது. கேலி உறவுக்காரர்மேல் கைவைத்தால் அந்த வீட்டுக்கு ஆகாது. எட்டிப் பார்த்தேன். பாரேயின் மார்பில் கோழி வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மோசி சாவில் சாமோ அழக்கூடாது.

"நாளைக்குக் காலைல என்னை யாரு திட்டுவா?" என்றார் பாரே, யாரையும் பார்க்காமல்.

"நாய்தின்னி" என்று ஓர் இளைஞன் முயன்று பார்த்தான்.

"இதெல்லாம் ஒரு திட்டா? போய்ப் பால் குடிடா."

அப்போது நிக்கியெமாவின் மனைவி லாலே வெளியே வந்தாள். இத்தனை வருடமும் இரண்டு பேரையும் பார்த்து "வேலையப் பாருங்க" என்று மட்டுமே சொன்னவள். குழியின் விளிம்பில் நின்றாள்.

"ஏன்டா சாமோ, ஓசியில படுக்க இடம் கிடைச்சதும் ஒட்டிக்கிட்டியா? இது மனுஷனுக்கு வெட்டினது. உன் அளவுக்கு எலிவளை போதும். அதுலயும் எலியைத் தின்னுட்டுத்தான் படுப்ப."

பாரே தலையைத் தூக்கினார்.

"நாளைக்கு?"

"நாளைக்குக் கடையை நான்தான் திறக்கிறேன். லேட்டா வந்தின்னா உன் அப்பனையும் சேத்துத் திட்டுவேன்."

"நாளன்னைக்கு?"

"நீ சாகுறவரைக்கும். ரொம்ப நாள் ஆகாது, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

பாரே முதலில் கோழியை மேலே நீட்டினார், பிறகு கையை. நிக்கியெமாவின் மகன்கள் தூக்கிவிட்டார்கள். முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டு உடலின் பக்கம் குனிந்தார்.

"சரி, போ. உன் பொண்டாட்டி உன்னைவிட நல்லாவே திட்டுறா."