சொம்பு நிறையும் வரை

குல்ஷனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் லைன் வீட்டு வாய்களைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். சீ, என்ன வாய்கள்! அதில் என் வாயும் ஒன்று.

எண்பத்தேழில் ஓசூர் சிப்காட் பக்கம் எட்டு வீட்டுக்கு ஒரே குழாய். குல்ஷன் ஊத்தங்கரைக்காரி. கணவன் ரசூல் கம்பெனியில் லேத் ஓட்டினான். மகள் சுக்ராவுக்கு நாலு வயது நெருங்கியும் பேச்சு வரவில்லை. எல்லோருக்கும் நன்றாகப் பொழுது போயிற்று. பிள்ளை வாசலில் தலைகாட்டினால் போதும், உன் பேரென்ன, அத்தா எங்கே, என்ன சாப்பிட்டாய் என்று தமிழில் ஒருத்தி, தெலுங்கில் ஒருத்தி, கன்னடத்தில் ஒருத்தி. கேட்டவள் மூச்சு விடுவதற்குள் பக்கத்தில் நிற்பவள் பதிலைச் சொல்லிவிடுவாள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து உச்சுக் கொட்டுவார்கள்.

அதைவிட அசிங்கம் இவர்கள் செய்த வைத்தியம். லைன் வீட்டுச் சொந்தக்காரி வெங்கடம்மா, கிளி கொத்திய பழம் தின்றால் பேச்சு வரும் என்று ஈ மொய்த்த கொய்யா ஒன்றைக் கொண்டுவந்து ஊட்டினாள். கொத்தியது கிளியா, கடித்தது எலியா, யார் கண்டது? இன்னொரு நாள் வறட்டி தட்டிய கையைப் புடவையில் துடைத்துவிட்டு, வசம்பையும் தேனையும் குழைத்துப் பிள்ளையின் நாக்கில் தேய்த்தாள். பிள்ளை ஓங்கரித்தது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

குல்ஷன் சண்டைக்காரி அல்ல. ஆனால் எதையும் கவனிப்பாள். எங்கள் குழாயில் தண்ணீர் நூலாக ஒழுகும். ஒரு சொம்பு நிறைய அரை நிமிடமாவது ஆகும். ஒருநாள் அங்கே வைத்து என்னிடம் மட்டும் சொன்னாள்.

“ராஜாத்திக்கா, சொம்ப வச்சுட்டு ஒன்னு கேட்டா, அது ரொம்பறதுக்குள்ள சுக்ரா பதில் சொல்றா. நடுவுல யாரும் பேசக் கூடாது, அவ்வளவுதான்.”

நான் நம்பவில்லை. ம் கொட்டி வைத்தேன்.

அதற்குள் வெங்கடம்மா ரசூலின் மனதைக் கலைத்துவிட்டாள். கெலமங்கலத்தில் ஒருவன் நாக்கின் அடியில் இருக்கும் நரம்பைச் சவர பிளேடால் அறுத்துவிடுவானாம், மறுவாரமே பிள்ளை பேசுமாம். த்தூ! அந்தப் பிளேடு அதற்குமுன் யார் தாடையைச் சிரைத்ததோ. ஞாயிற்றுக்கிழமை போவதென்று ரசூல் முடிவு செய்தான். எல்லார் முன்னாலும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் போக வேண்டாம் என்று குல்ஷன் அழுது மன்றாடினாள். சரி என்றான்.

ஞாயிறு காலை எட்டு வீடும் குழாயடியில் கூடிவிட்டது. யாரும் வாயைத் திறக்காதீர்கள் என்று குல்ஷன் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள். சொம்பைக் குழாயின் கீழ் வைத்தாள்.

“சுக்ரா, இந்தத் தண்ணி யாருக்கு?”

தண்ணீர் ஒழுகியது. வெங்கடம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிள்ளை சொம்பையே பார்த்தது. உதடு அசைந்தது, நான் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை.

“அத்தாவுக்குன்னு சொல்லு கண்ணு” என்றேன்.

சுக்ரா வாயை மூடிக்கொண்டு அம்மாவின் புடவையில் முகத்தைப் புதைத்தாள். சொம்பு வழிந்தது. ரசூல் சட்டை மாட்ட உள்ளே போனான். குல்ஷன் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் என் மேல் எச்சிலாக ஒட்டியிருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். அவன் பொத்தான் போட்டு வெளியே வருவதற்குள் கிருஷ்ணகிரி பஸ் ஏறிவிட்டாள். ஊத்தங்கரையில் தாய்வீட்டிலேயே பிள்ளையை வளர்த்தாள். ஆறுமாதம் வீறாப்பாக இருந்த ரசூல், பிறகு சனிக்கிழமை தோறும் அங்கே போய்வந்தான்.

தொண்ணூற்றைந்தில் கல்லாவிக்குப் போகும்போது ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டில் தாயையும் மகளையும் பார்த்தேன். சுக்ரா பாவாடை தாவணியில் வளர்ந்து நின்றாள். என்ன படிக்கிறாய் என்று கேட்டேன். அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். எனக்கு எங்கே பொறுக்கிறது?

“ஆறாவதா கண்ணு?”

குல்ஷன் முகம் சுளித்தாள்.

“அவ சொல்லுவாக்கா. நீங்க வாய மூடுங்க.”

மூடினேன். ஒரு பஸ் திரும்பி நின்று ஆட்களை இறக்கியது.

“ஏழாவது” என்றாள் சுக்ரா.