அந்தத் தாளில் இல்லாத ஊர்

ஐம்பதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் சந்தில் ஆண்களெல்லாம் விடிந்ததும் துறைமுகத்துக்கோ கடலுக்கோ போய்விடுவார்கள். பெண்களுக்குக் கிடங்கிலிருந்து கூலித் தையலுக்குக் கிழிந்த கோணிகள் வரும். மதியச் சோறு முடிந்ததும் நிழல் விழுகிற பக்கமாக உட்கார்ந்து, பெரிய ஊசியும் சணலுமாகத் தைப்போம்.

நான் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க மாட்டேன். பேரைக் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தேன். அந்தச் சந்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். காசு கொடுத்துப் பேப்பர் வாங்குகிற வீடு அங்கே கிடையாது. மளிகைக் கடையில் மிளகாயும் பருப்பும் கட்டித் தருகிற செய்தித்தாளைப் பிரித்து, நீவி வைத்திருந்து, மதியம் படித்துக் காட்டுவேன். அதற்கு ஈடாக ஆளுக்கு ஒரு கோணி என் பங்குக்குத் தைத்துக் கொடுப்பார்கள். கூச்சத்தில் தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் படிப்பேன். யார் கண்ணும் தெரியாது. அப்போதுதான் எனக்குக் குரல் வரும்.

ஒரு சங்கடம் என்னவென்றால், செய்தி சப்பென்று இருந்தால் கோணி வராது. காலையில் மீன் விற்றுவிட்டு வந்து உட்காரும் ஒரு ஆயா ஊசியைக் கீழே வைத்துவிடுவார். "இன்னாம்மே இது, மந்திரி வந்தாரு, மாலை போட்டாங்கன்னுகினு! வெட்டு குத்து ஒண்ணும் இல்லியா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நானே சேர்த்துப் படிக்கப் பழகியிருந்தேன். ஒரு வீட்டில் திருட்டு என்றிருந்தால் மூன்று வீடு என்பேன். அதில் தப்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

எதிர்வீட்டு அக்கா வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். அவர் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். பொங்கல் கழித்து ரங்கூனுக்குப் போனார். குருத்தோலை ஞாயிறு நெருங்கியும் கடிதாசி வரவில்லை. வந்தால் நான்தான் படிக்க வேண்டும் என்பதால், அக்கா தினமும் என்னைத்தான் பார்ப்பார்.

அன்று கையில் இருந்தது மிளகாய்ப் பொட்டலத் தாள். மேலும் கீழும் கிழிந்திருந்தது. புயலில் சரக்குக் கப்பல் ஒன்று மூழ்கியது, அதில் இருந்தவர்கள் கதி தெரியவில்லை என்று மூன்று வரிகள் மட்டும் தெரிந்தன. படித்தேன்.

"எந்த ஊருக்குப் போன கப்பலு?" என்றார் ஆயா.

கிழிந்திருக்கிறது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்குத் தெரிந்த கப்பல் போகும் ஊர் ஒன்றே ஒன்றுதான். "ரங்கூன்" என்று சொல்லிவிட்டேன். அக்கா குழாயடிக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் அவர் மாமியாரும் எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்திருந்ததைத் தாள் மறைத்துவிட்டது.

சணல் இழுக்கும் சத்தம் நின்றது. அக்காவின் மாமியார், "ஐயோ மாதாவே, எம் புள்ளைய கடலுக்கு வாரிக் குட்த்துட்டனே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். "நான் போயி கோயில்ல சொல்றேன், மணி அடிக்கட்டும்" என்று ஆயா எழுந்து ஓடினார். துக்க மணி அடித்துவிட்டால் ஊரே திரண்டு வந்துவிடும். சரிந்து கிடந்த மாமியாரின் உயிர் அதைத் தாங்குமா என்று தெரியவில்லை. அக்கா அழவில்லை. வளையலைப் பிடித்து இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நான் தாளை இறக்கவில்லை. முகத்தைக் காட்டத் தைரியம் இல்லை.

அப்போது அக்காவின் குரல் கேட்டது. "ஏம்மே, அந்தாண்ட பக்கம் இன்னா படம் அது? ஒரு பொண்ணு மத்தாப்பு கொளுத்திகினு கீது?"

திருப்பிப் பார்த்தேன். ஜவுளிக் கடை விளம்பரம். "தீபாவளிப் புடவைக்கா" என்றேன்.

"தீபாவளிக்கு அவரு வூட்லதானே இருந்தாரு! நீ குட்த்த அதிரசத்த இங்கதானே குந்திகினு துன்னாரு!"

எழுத்தே தெரியாதவர் கண்டுபிடித்துவிட்டார். அது அவர் வீட்டுக்காரர் கப்பலேறுவதற்கு முந்தைய பேப்பர். "ஐயோ, மணி அடிச்சிடப் போறாங்க!" என்று அக்கா கத்தினார். மாமியாரின் தலை அவர் மடியில் இருந்தது, எழுந்திருக்க முடியவில்லை. சந்து முனையைத் தாண்டித் தனியாகப் போயே அறியாத நான் ஓடினேன்.

மணி அடிக்கும் கோயில்பிள்ளை கயிற்றைக் கையில் பிடித்தபடி ஆயா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். அவர் இரண்டு பக்கமும் நிதானமாகப் படித்தார். பிறகு ஆயா காதில் விழாத தணிந்த குரலில், "இதுல ரங்கூன்னு எங்கம்மா கீது?" என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். அவர் தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, "பழைய பேப்பரு ஆயா. வூட்டுக்குப் போ" என்று கயிற்றை விட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி.

ஈஸ்டர் கழிந்து கடிதாசி வந்தது, பின்னாலேயே ஆளும் வந்தார். ஆனால் என்னால் மறக்க முடியாதது அன்று சாயங்காலம் நடந்ததுதான். அக்கா ஒரு கோணியைத் தைத்து எடுத்து வந்து என் வாசலில் வைத்தார். "இந்தாம்மே, இன்னிக்குப் படிச்சதுக்கு. பேப்பர்ல கீறத நீ படிச்ச, அதுக்கு நீ இன்னா பண்ணுவ?" என்றார். சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. கோணியை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தேதி தெரிந்தால் அதை முதலில் படித்தேன், கிழிந்திருந்தால் கிழிந்திருக்கிறது என்றேன். "வந்துட்டாப்பா கிழிஞ்ச பேப்பரு!" என்று ஆயா கேலி செய்வார். கோணியும் குறைந்தது. இப்போது அந்த அக்காவும் இல்லை, ஆயாவும் இல்லை.

அந்தத் தாளில் இருந்த மூன்று வரியும் உண்மைதான், பொய் என் வாயிலிருந்து வந்தது. அதனால்தான் இன்றைக்கும் யார் எந்தச் செய்தியைச் சொன்னாலும், இது அதில் இருக்கிறதா, நீ சேர்த்ததா என்று கேட்டுவிடுகிறேன். கேட்கும்போதெல்லாம் அக்கா தைத்துக் கொடுத்த அந்தக் கோணியின் வாடை என் மூக்கில் ஏறுகிறது.